டாக்டர் மேல கோபம் நியாயம்தான்... ஆனா இ.எஸ்.ஐ.யை ஏன் தூக்கிப் போடுறீங்க?



உங்க பேஸ்லிப்பை ஒருதடவை எடுத்துப் பாருங்க. மொத்த சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்தா, அதுல இ.எஸ்.ஐ.னு ஒரு சின்னப் பிடித்தம் இருக்கும். 15,000 சம்பளத்துக்கு 113 ரூபாய். "இது எதுக்குங்க பிடிக்கறாங்க, நான்தான் அந்தப் பக்கமே போறதில்லையே"ங்கிற பேச்சை திருப்பூர்ல பேரோல் பார்க்கிற எல்லாரும் கேட்டிருப்போம். மெர்ச்சண்டைசர், குவாலிட்டி, அக்கவுண்ட்ஸ், டிசைன் டிபார்ட்மெண்ட்னு யாரைக் கேட்டாலும் இதே பதில்தான்.

ஏன் போறதில்லைனு கேட்டா, காரணமும் ஒண்ணுதான். "காலையில போய் லைன்ல நின்னா மதியம் ஆயிடுது. உள்ள போனா டாக்டர் முகத்தையே பார்க்கறதில்ல. சொல்லி முடிக்கிறதுக்குள்ள மாத்திரை எழுதிடறாரு."

இந்தக் கோபம் தப்புன்னு நான் சொல்ல வரலை. காய்ச்சல், சளின்னா ரெண்டு நிமிஷம் போதும். சுகர், தைராய்டு, மூட்டுவாதம், முதுகுத்தண்டு டிஸ்க், ஆஸ்துமா மாதிரி வருஷக்கணக்குல கூடவே வர்ற வியாதிக்கு அது பத்தாது. உலகம் முழுக்க 67 நாடுகள்ல டாக்டர் ஒரு நோயாளிக்கு எவ்வளவு நேரம் கொடுக்கறாருன்னு பார்த்த ஒரு ஆய்வு 2017-ல 'பி.எம்.ஜே. ஓப்பன்' இதழ்ல வந்துச்சு. ஸ்வீடன்ல சராசரி 22.5 நிமிஷம். பங்களாதேஷ்ல 48 விநாடி. நம்ம நாட்டுல ஏறக்குறைய 2 நிமிஷம். ஆக, உங்களுக்கு நடந்தது உங்க ஒருத்தருக்கு மட்டும் நடந்ததில்ல.

ஆனா கோபத்துக்கும் ஒரு விலை இருக்கு. அந்த விலையைக் கட்டறது டாக்டர் இல்ல, நீங்க. ஒரு சி.ஏ.வா எனக்கு அந்தக் கணக்குதான் உறுத்துது.

113 ரூபாய்னு நினைக்கறீங்க. அது 600 ரூபாய்!

இ.எஸ்.ஐ.க்கு உங்க பங்கு சம்பளத்துல 0.75 சதவீதம். கம்பெனி பங்கு 3.25 சதவீதம். மொத்தம் 4 சதவீதம். 15,000 சம்பளத்துக்கு மாசம் சுமார் 600 ரூபாய், வருஷம் 7,200 ரூபாய். உங்க உழைப்பை வெச்சு உங்க பேர்ல கட்டற பணம் இது. அதனால இ.எஸ்.ஐ.ங்கிறது தர்ம ஆஸ்பத்திரி இல்ல. நீங்க பிரீமியம் கட்டி வாங்கின பாலிசி.

இதை நான் சும்மா சொல்லலை. சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. ஹரியானா மாநிலம் சோனிப்பட்ல ஒரு தொழிலாளி, சுகர் இருந்த தன் மனைவியை இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில வைத்தியத்துக்குச் சேர்த்தாரு. தொடர்ந்து வைத்தியம் பார்த்தும் உடம்பு மோசமாகிட்டே போச்சு. வெளியில காட்டினப்போ, நோயைத் தப்பா கணிச்சதாலதான் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சதா சொல்லி, நுகர்வோர் மன்றத்துக்குப் போனாரு. "இது அரசு டிஸ்பென்சரி, நீங்க நுகர்வோரே இல்ல"ன்னு மாவட்ட மன்றம் தள்ளுபடி பண்ணுச்சு. மாநில ஆணையமும் தேசிய ஆணையமும் அதையே சொன்னாங்க. அவர் விடலை. 2007-ல கிஷோர் லால் வழக்குல சுப்ரீம் கோர்ட் அதை மாத்துச்சு. சம்பளத்துல இருந்து சந்தா போகுது, அதனால இது இலவச சேவை இல்ல, இ.எஸ்.ஐ.யில காப்பீடு செஞ்சவரும் நுகர்வோர்தான்னு சொல்லி, வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லி மாவட்ட மன்றத்துக்கே அனுப்புச்சு.

கவனிங்க. அவரும் உங்களை மாதிரிதான் நொந்துபோனாரு. ஆனா "சரி விடு, இனி அந்தப் பக்கமே போக வேண்டாம்"னு கார்டைப் பெட்டியில போட்டுட்டுப் போகலை.

விட்டுட்டுப் போனா என்ன நஷ்டம்?

பெரும்பாலானவங்க மாத்திரை, ஊசி மட்டும்தான் இ.எஸ்.ஐ.னு நினைக்கறாங்க. நீண்டநாள் வியாதி இருக்கிறவங்களுக்கு அதைவிடப் பெரிய விஷயம், லீவுக்குக் கிடைக்கிற பணம்.

உடம்பு முடியாம வேலைக்குப் போகலைன்னா, சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் உடல்நலக்குறைவுப் பலன் உண்டு. அதுக்கு 6 மாச சந்தா காலத்துல 78 நாளாவது சந்தா கட்டியிருக்கணும். முதல் 2 நாளுக்குப் பொதுவா கிடைக்காது. 15,000 சம்பளம்னா ஒரு நாளுக்குத் தோராயமா 350 ரூபாய். டிஸ்க் பிரச்சினையில 3 வாரம் படுத்தா 19 நாளுக்கு 6,650 ரூபாய். 91 நாளும்னா 31,850 ரூபாய்.

அது முடிஞ்சும் சரியாகலைன்னா, 34 நீண்டகால வியாதிகளுக்கு நீட்டிக்கப்பட்ட பலன் தனியா இருக்கு. டி.பி., புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, டிஸ்க் விலகல், சுகரால வர்ற கால் புண், சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் அந்தப் பட்டியல்ல வருது. சம்பளத்துல 80 சதவீதம், அதிகபட்சம் 2 வருஷம் வரை. இதுக்கு 2 வருஷ சர்வீஸும் அதுல 156 நாள் சந்தாவும் வேணும். 15,000-க்குக் கணக்குப் போட்டா மாசம் 12,000 ரூபாய். ஈ.எம்.ஐ. ஓடிட்டிருக்கிற வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய தாங்கல்னு நான் சொல்லத் தேவையில்ல.

இதுல ஒரு பிடி இருக்கு. இந்தப் பணத்துக்கு சாதாரணமா இ.எஸ்.ஐ. டாக்டரோட சான்றிதழ்தான் ஆதாரம். 3 வருஷமா பிரைவேட்ல மட்டும் காட்டிட்டு, ஒருநாள் முடியாமப் படுத்த பிறகு டிஸ்பென்சரிக்கு முதல்தடவையா போனா, உங்க வியாதியோட வரலாறே அங்க இருக்காது. எல்லாம் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கணும். பெரிய சிகிச்சையும் அப்படித்தான். இ.எஸ்.ஐ. பரிந்துரையோட போனா ஒப்பந்த ஆஸ்பத்திரியில பணம் கட்டாம பார்க்க வழி இருக்கு. நீங்களா நேரா போய்ச் சேர்ந்துட்டு, அப்புறம் பில்லைக் கொண்டுபோனா, அவசரகேஸ் தவிர திரும்பக் கிடைக்கிறது கஷ்டம்.

இன்னொரு பக்கம், டாக்டர் பிடிக்கலைன்னு மாறிக்கிட்டே இருக்கிற செலவு. தைராய்டு மாத்திரை அளவை மாத்தினா, அது சரியான்னு தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். 3-வது வாரமே "ஒண்ணும் கேக்கலை"ன்னு வேற டாக்டர்கிட்ட போனா, அவர் மறுபடி டெஸ்ட், மறுபடி புது அளவு. ஒரு தடவைக்கு ஃபீஸ், டெஸ்ட் எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. வருஷத்துல 5 டாக்டர்னா 10,000 ரூபாய். பணம் போனதுதான் மிச்சம், வியாதி அங்கேயேதான் நிக்கும்.

டாக்டர் கேக்காத கேள்விக்கு நீங்களே பதில் சொல்லுங்க

1700-ல இத்தாலியில ராமஸ்ஸினின்னு ஒரு டாக்டர், தொழிலால வர்ற வியாதிகளைப் பத்திப் புத்தகம் எழுதினாரு. நோயாளியைப் பார்க்கிறப்போ "என்ன வேலை செய்யறீங்க?"னு கட்டாயம் கேக்கணும்னு அவர் சொன்னாரு. 300 வருஷம் தாண்டியும், 2 நிமிஷத்துல அந்தக் கேள்விக்கு இடம் கிடைக்கிறது அபூர்வம்.

நம்ம ஊருக்கு இது ரொம்ப முக்கியம். பல்லடம், அவிநாசி சுத்துவட்டாரத்துல எத்தனை ஸ்பின்னிங் மில் இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். வருஷக்கணக்குல பஞ்சுத் தூசியைச் சுவாசிச்சா பைசினோசிஸ்னு ஒரு நுரையீரல் வியாதி வரும். வாராந்திர லீவு முடிஞ்சு வேலைக்குப் போற முதல் நாள் நெஞ்சு இறுக்கும், அடுத்தடுத்த நாள் கொஞ்சம் குறையும். இதுதான் அதோட ஆரம்ப அடையாளம். வேலையைப் பத்திப் பேச்சே வரலைன்னா, சீட்டுல 'வீசிங்'னு மட்டும்தான் இருக்கும்.

எழுத்துல வித்தியாசம் சின்னதுதான், பணத்துல பெருசு. பைசினோசிஸ் சட்டத்தோட 3-வது அட்டவணையில தொழில்சார் வியாதியா இருக்கு. தொழில்சார் வியாதின்னு ஏத்துக்கிட்டா அது வேலையில ஏற்பட்ட காயத்துக்குச் சமம். தற்காலிக இயலாமைக்கு 70 இல்ல, 90 சதவீதம். அதனால உங்க அப்பாவோ அம்மாவோ மில்லுல வேலை பார்த்து இழுப்புன்னு மருந்து சாப்பிட்டா, எந்த டிபார்ட்மெண்ட், எத்தனை வருஷம், எந்த நாள்ல அதிகமாகுதுன்னு டாக்டர்கிட்ட சொல்லி, சீட்டுல எழுதச் சொல்லிக் கேளுங்க.

இன்க்ரிமெண்ட் வந்தா ஒரு நிமிஷம் நில்லுங்க

21,000-ங்கிற எல்லை 2017 ஜனவரியில வந்தது. சந்தா காலம் நடுவுல, உதாரணமா மே மாசம் அதைத் தாண்டினா, செப்டம்பர் வரைக்கும் பிடித்தம் தொடரும். அதுக்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. ஆனா ஏப்ரல் 1-லயே தாண்டிட்டா, அந்தச் சந்தா காலத்துல நீங்க இல்ல. அதுக்கு முன்னாடி கட்டினதோட பலன் டிசம்பரோட முடிஞ்சிடும்.

அதனால சம்பளம் 18,000, 19,000 ஆகும்போதே சின்னதா ஒரு தனி ஹெல்த் பாலிசி எடுங்க. ஏற்கெனவே இருக்கிற வியாதிக்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 வருஷம்தான்னு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல குறைச்சிருக்கு. நீங்க இ.எஸ்.ஐ.யில இருக்கும்போதே அந்த 3 வருஷம் ஓடட்டும். சுகர் இருக்கு, தைராய்டு இருக்குன்னு மறைக்காம எழுதுங்க. மறைச்சா க்ளெய்ம் அன்னைக்குத்தான் அதோட விலை தெரியும்.

இந்த வாரமே செய்யுங்க

1. இ.எஸ்.ஐ. இணையதளத்துல உங்க இன்ஷூரன்ஸ் நம்பரைப் போட்டு, கம்பெனி எத்தனை நாளுக்குச் சந்தா கட்டியிருக்குன்னு பாருங்க. 78 நாள் கணக்கு இங்கதான் பலபேருக்கு இடிக்கும்.

2. குடும்பத்தோட பேர் சேர்ந்திருக்கான்னு பாருங்க. உங்களை நம்பியிருக்கிற அப்பா, அம்மாவுக்கும் மருத்துவ வசதி உண்டு.

3. ஒரு ஃபைல் போடுங்க. முதல் பக்கத்துல வியாதி, எப்போ ஆரம்பிச்சது, இப்போ சாப்பிடற மாத்திரை, ஒத்துக்காத மருந்து, என்ன வேலை. டாக்டருக்கு இருக்கிறதே 2 நிமிஷம். அதுல ஒரு நிமிஷத்தை இந்தப் பக்கம் மிச்சம் பண்ணும்.

4. பிரைவேட்ல காட்டறதுன்னா தாராளமா காட்டுங்க. ஆனா அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கிட்டு இ.எஸ்.ஐ.யிலயும் பதிவு வெச்சுக்கோங்க. கேட்ட 72 மணி நேரத்துக்குள்ள மருத்துவ ஆவணங்களைக் கொடுக்கணும்னு 2002-ம் வருஷ மருத்துவ நடத்தை விதிகள் சொல்லுது. எழுத்துல கேளுங்க.

5. மோசமா நடத்தினா, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டுட்டு விடாதீங்க. தேதி, நேரம், நடந்தது எல்லாம் எழுதி அங்கேயே புகார் கொடுங்க. நடவடிக்கை இல்லைன்னா மத்திய அரசோட குறைதீர்ப்பு போர்ட்டல்ல போடுங்க. பெரிய பாதிப்புன்னா 2 வருஷத்துக்குள்ள நுகர்வோர் ஆணையம்.

"அரை நாள் லீவு போடணுமே"ன்னு கேப்பீங்க. உண்மைதான், 15,000 சம்பளத்துல அரை நாள்னா 250 ரூபாய். அதையும் கணக்குல எழுதுங்க. அந்தப் பக்கம் 31,850 ரூபாயை எழுதுங்க. அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க.

ஒரு காலத்துல இங்கிருந்து பெரிய வைத்தியம்னா கோயம்புத்தூர் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குத்தான் பஸ் ஏறணும். இப்போ திருப்பூருக்கே 100 படுக்கை இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கு. 2019 பிப்ரவரியில அடிக்கல், 2024 பிப்ரவரியில திறப்பு. நடுவுல 5 வருஷம். அங்க டாக்டர் போதுமா, ஸ்பெஷலிஸ்ட் இருக்காரா, மருந்து இருக்கான்னு கேக்க வேண்டியது யாரு? மாசாமாசம் 600 ரூபாய் போற நாமதான். சம்பளம் வாங்கற படிச்ச பசங்க எல்லாரும் "நமக்கு வேண்டாம்"னு ஒதுங்கிட்டா, அங்க மிஞ்சறது கேள்வி கேக்கத் தெரியாதவங்களும் கேக்கப் பயப்படறவங்களும்தான். அப்போ அந்த 2 நிமிஷம் ஒண்ணரை நிமிஷமா குறையும், கூடாது.

கோபப்படுங்க. கார்டைக் கையில வெச்சுக்கிட்டுக் கோபப்படுங்க.