வெப்மெயிலுக்கு எந்த சர்வர்? வேகத்தை விடுங்க

நெட்வொர்க் லேப் பக்கம் வந்தா வருஷா வருஷம் இந்தச் சண்டையைக் கேட்கலாம். டிபார்ட்மென்ட்டுக்குன்னு ஒரு வெப்மெயில் வேணும், ரவுண்ட்கியூப் போடலாம் என்பது வரைக்கும் எல்லாரும் ஒத்துப்போவாங்க. அதை எந்த வெப் சர்வரில் ஓட்டுவது என்று கேட்டதும் ஆரம்பிக்கும். "எஞ்சின்எக்ஸ்தான் மச்சி, அப்பாச்சி எல்லாம் தாத்தா காலத்து சமாச்சாரம்" என்று ஒருத்தன் பெஞ்ச்மார்க் கிராஃபை நீட்டுவான். போன வருஷம் அந்த கிராஃபை நீட்டியவன் நான்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வேகம். ஒரே சர்வர் ஒரே நேரத்தில் 10,000 கனெக்‌ஷன்களைத் தாங்குமா என்ற கேள்வியை 1999-ல் டான் கெகல் எழுப்பினார். ஐகர் சிசோயெவ் 2004-ல் வெளியிட்ட எஞ்சின்எக்ஸ் அதற்குக் கிடைத்த அருமையான பதில். சந்தேகமே இல்லை. ஆனா அது நம்ம கேள்வியா? நம்மிடம் இருப்பது 400 பேர். பரீட்சை ரிசல்ட் வருகிற நாளில் நூறு பேர் இன்பாக்ஸைத் திறந்து வைத்திருந்தாலும், ரவுண்ட்கியூப் புது மெயில் வந்திருக்கா என்று கேட்பது 60 செகண்டுக்கு ஒருமுறை. அதாவது செகண்டுக்கு இரண்டு ரிக்வெஸ்ட் கூட இல்லை. இதை அப்பாச்சி தூங்கிக்கிட்டே செய்யும்.

வெப்மெயில் மெதுவாக இருக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் பின்னால் இருக்கும். நீங்க ஒரு மெயிலை கிளிக் பண்ணும்போது பி.எச்.பி. புதுசா ஒரு ஐமேப் கனெக்‌ஷன் திறந்து, லாகின் ஆகி, மெயிலை எடுத்து, கனெக்‌ஷனை மூடுகிறது. அடுத்த கிளிக்கிலும் இதே கதை. முன்னால் நிற்கும் வெப் சர்வரை மாற்றினால் இந்த நேரம் குறையாது.

அட்டாச்மென்ட் கதையும் இப்படித்தான். எஞ்சின்எக்ஸ் டீஃபால்ட்டா 1 எம்.பி.க்கு மேல் அப்லோட் ஏற்காது, 413 என்று முகத்தில் அடிக்கும். அதை உயர்த்தினால் பி.எச்.பி.யின் 2 எம்.பி. வரம்பு. அதையும் உயர்த்தி 9 எம்.பி. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை ஏற்றினால், பேஸ்64-ல் அது மூன்றில் ஒரு பங்கு வீங்கி 12 ஆகி, போஸ்ட்ஃபிக்ஸின் 10 எம்.பி. வரம்பில் மாட்டும். மூன்று கதவையும் சேர்த்துத் திறக்கணும். சர்வர் எதுவா இருந்தாலும் பி.எச்.பி., போஸ்ட்ஃபிக்ஸ் கதவுகளைத் திறக்கும் வேலை இருக்கு.

அப்ப எதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பது? எங்க லேபில் நடந்ததைச் சொல்றேன்.

ரவுண்ட்கியூபில் கான்ஃபிக், லாக்ஸ், டெம்ப் என்று சில ஃபோல்டர்கள் உண்டு, வெளியாள் கண்ணில் படக்கூடாதவை. அவற்றைப் பூட்ட .எச்டிஆக்சஸ் ஃபைல்கள் பேக்கேஜோடவே வருகின்றன. அப்பாச்சிக்கு அந்த பாஷை தெரியும். எஞ்சின்எக்ஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது, நாமதான் அதே பூட்டை அதன் பாஷையில் எழுதணும். நான் எழுதவில்லை. தெரியாது. அது போதாது என்று, ஒரு பிழையைத் தேட ஐமேப் டீபக்கை ஆன் பண்ணிவிட்டு அணைக்க மறந்துட்டேன். சர்வருக்கும் ரவுண்ட்கியூபுக்கும் நடக்கிற பேச்சு முழுவதும், மெயில்களின் உள்ளடக்கம் உட்பட, லாக் ஃபைலில் விழுந்துகொண்டே இருந்தது.

ஒன்பதாவது நாள் ஒரு இரண்டாம் வருடத் தம்பி வந்து, "அண்ணா, அட்ரஸ்ல லாக்ஸ்னு போட்டு ஃபைல் பேரை அடிச்சா டவுன்லோட் ஆகுதுண்ணா" என்றான். திறந்து பார்த்தேன். ஃபீஸ் கட்ட அவகாசம் கேட்டு ஒருத்தர் எழுதிய மெயில் முழுசா இருந்தது. அப்பாவுக்கு ஆபரேஷன் என்று காரணமும் எழுதியிருந்தார். வேறு யாரெல்லாம் எடுத்தார்கள் என்று ஆக்சஸ் லாகைப் பார்த்தால் ஒரே ஒரு ஐ.பி.தான். ஹாஸ்டல் வைஃபை முழுக்க அந்த ஒரே ஐ.பி.யில்தான் வெளியே வரும். அதை எடுத்தது அந்தத் தம்பி மட்டும்தானா என்று இன்றுவரை தெரியாது. எச்.ஓ.டி.யிடம் சொல்லி, எல்லாருக்கும் மெயில் போட்டு மன்னிப்புக் கேட்டோம். அவகாசம் கேட்டவரை நேரில் பார்த்துச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

"அதனால அப்பாச்சி பத்திரம்" என்று முடிவு கட்டிடாதீங்க. உபுண்டுவில் அப்பாச்சியைப் போட்டால் வெப் ஃபோல்டருக்கு அலவ்ஓவர்ரைட் 'நன்' என்றுதான் வரும், அதாவது .எச்டிஆக்சஸை அதுவும் படிக்காது. பூட்டு தொங்கும், ஆனா பூட்டியிருக்காது. சரியான வழி, டாக்குமென்ட் ரூட்டை ரவுண்ட்கியூபின் பப்ளிக்_எச்டிஎம்எல் ஃபோல்டருக்கு மாற்றுவது. மற்றதெல்லாம் அதற்கு வெளியே போய்விடும். அப்பாச்சியோ எஞ்சின்எக்ஸோ, இதை முதல் வேலையாகச் செய்யுங்க. இன்னொன்று: கான்ஃபிக் ஃபைலை எடிட் பண்ணும் முன் அதே இடத்தில் .பேக் என்று ஒரு காப்பி எடுக்கும் பழக்கத்தை விடுங்க. பி.எச்.பி. ஃபைலை சர்வர் ஓட்டும். .பேக் ஃபைலை டேட்டாபேஸ் பாஸ்வேர்டோட அப்படியே கையில் கொடுத்துவிடும்.

இதுக்கு அப்புறமும் என் ஓட்டு அப்பாச்சிக்குத்தான். ஈவென்ட் எம்.பி.எம்., பி.எச்.பி.-எஃப்.பி.எம்., அலவ்ஓவர்ரைட் ஆன். நம்ம காலேஜில் சர்வரை நிறுவுகிறவன் அதிகபட்சம் இரண்டு வருஷம் இருப்பான். நான் மே மாதம் போய்விடுவேன். அடுத்து வருகிறவன் ரவுண்ட்கியூபைப் புதுப்பிக்கும்போது டாக்குமென்ட் ரூட்டைத் தப்பாக வைத்தாலும், பேக்கேஜோடு வரும் பூட்டு இரண்டாவது பூட்டாக நிற்கும். எஞ்சின்எக்ஸில் நான் எழுதின விதி எதற்கு என்று தெரியாமல் அவன் அதை அழிச்சிட்டா கேட்க ஆளில்லை. உங்க டிபார்ட்மென்ட்டில் எஞ்சின்எக்ஸ் கான்ஃபிக் தெரிந்த ஆள் வருஷா வருஷம் இருக்காங்கன்னா, தாராளமா அதையே போடுங்க.

எதைப் போட்டாலும் இன்றைக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்க. காலேஜ் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் உங்க வெப்மெயில் முகவரிக்குப் பின்னால் லாக்ஸ் ஃபோல்டரில் இருக்கிற ஒரு ஃபைலின் பேரை அடிச்சுப் பாருங்க. 403 அல்லது 404 வரணும். ஃபைல் வந்தா, விடியும் வரைக்கும் காத்திருக்காம லேப் இன்சார்ஜுக்கு போன் பண்ணுங்க.