கடனா, சில்லறையா?

நம்மூர்ப் பிள்ளைகளுக்கு முதன்முதலில் கடன் வாங்கக் கற்றுத்தருவது கணக்கு வகுப்புதான். "2-ல இருந்து 7 போகாது, பக்கத்து வீட்டுல கடன் வாங்கு." வாங்கிய கடனை யாரும் திருப்பித் தருவதில்லை. ஒன்று கேட்டால் ஏன் பத்து வருகிறது என்றும் சொல்வதில்லை. கேட்டால், "அப்படித்தான், போடு."

எனக்கு இதில் கோபம் உண்டு. 52-ல் 27 போனால் 35 என்று எழுதும் குழந்தையைக் 'கவனமில்லை' என்று திட்டுகிறோம். கவனக்குறைவு இல்லைங்க அது. 7-ல் 2 போக 5, 5-ல் 2 போக 3. ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. விதிதான் தப்பு, அதைப் பின்பற்றியதில் தப்பில்லை. ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-ல் வெளியிட்ட ஆய்வில் இந்த மாதிரிப் பிழைகளை 'பக்' என்றே அழைத்தார்கள். எங்கள் தொழிலில் பக் வந்தால் புரோகிராமைத் திட்டமாட்டோம், எந்த வரியில் பிசகு என்று தேடுவோம். அந்த மரியாதைகூடக் குழந்தைக்குக் கிடையாதா?

பிசகு நாம் சொல்லித்தந்த விதத்தில் இருக்கிறது. ஐந்து பத்து ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும் குழந்தையிடம் கொடுத்து 27 ரூபாய் கேட்டுப் பாருங்கள். சில்லறை போதாது, ஒரு நோட்டை மாற்ற வேண்டும். இப்போது நாலு நோட்டு, 12 நாணயம். மொத்தம் அதே 52. இரண்டு நோட்டும் ஏழு நாணயமும் எடுத்தால் மிச்சம் 25. இதில் கடன் எங்கே வந்தது? சில்லறை மாற்றினோம், அவ்வளவுதான். 'இனமாற்றம்' என்று நல்ல சொல்லே இருக்கிறது. நாம்தான் கடனை விடமாட்டேன் என்கிறோம்.

தமிழும் நம் பக்கம்தான். 'ஐம்பத்திரண்டு' என்னும்போதே ஐந்து பத்து காதில் விழுகிறது. 'பதினொன்று' சொல்வதை 'லெவன்' சொல்வதில்லை. 'தொண்ணூறு' மட்டும் நூறை உள்ளே வைத்துக்கொண்டு முரண்டு பிடிக்கும். அதையும் பேசிப் புரியவைக்கலாம்.

"இப்படியெல்லாம் நடத்தினா போர்ஷன் முடியாது, மார்க்தான் வருதே" என்பார்கள். வரும். கூடவே, கணக்கு என்றால் கேள்வி கேட்காமல் சொன்னதைச் செய்வது என்ற பாடமும் ஏழு வயதிலேயே மண்டையில் ஏறிவிடும். பின்னமும் அல்ஜீப்ராவும் வரும்போது அதே பிள்ளை 'எனக்குக் கணக்கு வராது' என்று ஒதுங்கும்.

உங்கள் வீட்டுப் பிள்ளையிடம், 5-ஐ அடித்து 4 போட்டாயே, போன அந்த ஒன்று எவ்வளவு என்று கேளுங்கள். "ஒண்ணு" என்று சொன்னால் திட்டாதீர்கள். பத்து ரூபாய் நோட்டை எடுங்கள்.