பட்டறைக்கு ஒரு மின்பெட்டி

வளைகுடா நாடுகளில் பத்தாண்டு, பதினைந்தாண்டு உழைத்துத் திரும்பும் நம் சகோதரர்களுள் பலர், கற்ற தொழிலைக் கைவிட மனமின்றி, வீட்டோடு ஒரு சிறு பட்டறை வைத்துக்கொள்ள விரும்புகின்றனர். கார் நிறுத்துவதற்கென்று கட்டிய கொட்டகையில் மரம் அறுக்கும் இயந்திரமும், காற்றுக் கம்ப்ரஸரும், கிரைண்டரும் வந்து குடியேறுகின்றன. நல்ல எண்ணந்தான். ஓய்வு நேரம் வீணாவதில்லை. வளரும் பிள்ளைகளும் வாப்பாவின் அருகிலிருந்து ஒரு கைத்தொழிலைக் கற்றுக்கொள்கிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே கம்பெனியின் மின்பிரிவினர் அமைத்துக் கொடுத்த பெட்டியிலிருந்து மின்சாரம் எடுத்து வேலை செய்தவர்கள் இவர்கள். இங்கேயோ அந்தப் பெட்டியைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. இயந்திரத்துக்குப் பல்லாயிரம் ரூபாய் செலவிடத் தயங்காதவர்கூட, மின்பெட்டி என்று வரும்போது, "கடையில் இருப்பதில் ஒன்றைக் கொடுங்கள்" என்று வாங்கி வந்துவிடுகிறார். வேறு சிலர் அதுவும் வேண்டாமென்று, வீட்டுக் கூடத்திலுள்ள பிளக்கிலிருந்தே நீண்ட ஒயரை இழுத்துக்கொள்கிறார்கள். இவ்விரண்டும் தீக்கும் உயிரிழப்புக்கும் வழிவிடும் செயல்கள். பெட்டியினுள் இருப்பவை எவை, எது யாரைக் காக்கிறது என்பதை இம்மாதம் பார்ப்போம்.

எம்.சி.பி. எதைக் காக்கிறது?

எம்.சி.பி. எனும் பிரேக்கர் மனிதனைக் காக்கும் என்பது பலரின் எண்ணம். சிலர் அது இயந்திரத்தைக் காக்கும் என்பர். உண்மையில் அது காப்பது சுவருக்குள் ஓடும் கம்பியை. தாங்கும் அளவுக்கு மேல் மின்னோட்டம் பாய்ந்தால் கம்பி சூடேறும், அதன் மேலுறை உருகும், தீப்பற்றும். அந்நிலை வருமுன் இணைப்பைத் துண்டிப்பதே எம்.சி.பி.யின் பணி.

எனவே தேர்ந்தெடுக்கும் வரிசை இதுதான்: முதலில் இயந்திரம் இழுக்கும் ஆம்பியரைப் பார்க்க வேண்டும், அதைத் தாராளமாகத் தாங்கும் கம்பியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பின்னர் அக்கம்பியின் தாங்கும் அளவுக்கு மேற்படாத எம்.சி.பி.யை வைக்க வேண்டும். விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியும் 6 ஆம்பியரும், பெரிய பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டரும் 16 ஆம்பியரும், 4 சதுர மில்லிமீட்டருக்கு 20 ஆம்பியரும், 6 சதுர மில்லிமீட்டருக்கு 32 ஆம்பியரும் வீட்டு ஒயரிங்கில் வழக்கமாக உள்ள அளவுகள். பல கம்பிகள் ஒரே குழாயில் நெருங்கிச் சென்றாலும், தகரக் கூரையின் வெப்பம் தாக்கினாலும் கம்பி தாங்கும் அளவு குறையும் என்பதையும் மறக்கலாகாது.

இவ்வரிசையைத் தலைகீழாக்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. "இயந்திரத்தைப் போட்டதும் பிரேக்கர் விழுந்துவிடுகிறது" என்பார்கள். உடனே 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் மாட்டப்படும். பிறகு அது விழுவதில்லை, எல்லாரும் மகிழ்வார்கள். ஆனால் உள்ளே ஓடுவது அதே பழைய 2.5 கம்பியல்லவா? அன்று ஃபியூஸ் கட்டையில் மெல்லிய கம்பிக்குப் பதிலாகத் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிய தவற்றையே இன்று புதிய கருவியைக் கொண்டு செய்கிறோம். அன்றும் இன்றும் எரிவது வீடுதான்.

எண்ணை மாற்றாதீர்கள், எழுத்தைப் பாருங்கள்

அப்படியானால் மோட்டாரைப் போட்டதும் பிரேக்கர் விழுவதற்கு என்ன செய்வது? மோட்டார் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் சில கணங்களுக்கு, வழக்கமாக இழுப்பதைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். இதைக் கருதியே எம்.சி.பி.கள் மூவகையாகச் செய்யப்படுகின்றன. ஆம்பியர் எண்ணுக்கு முன்னால் அச்சிடப்பட்டிருக்கும் ஆங்கில எழுத்து அவ்வகையைக் காட்டும். 'பி' வகை தன் அளவைப்போல் 3 முதல் 5 மடங்கு மின்னோட்டத்திலேயே உடனே விழும். 'சி' வகை 5 முதல் 10 மடங்கில் விழும். 'டி' வகை 10 முதல் 20 மடங்கில் விழும். விளக்குகளுக்கு 'பி' வகையும், மோட்டார் உள்ள இயந்திரங்களுக்கு 'சி' வகையும் பொருந்தும்.

ஆகவே பலவேளை மாற்ற வேண்டியது எழுத்தேயன்றி எண் அன்று. 'சி' வகை போட்ட பின்னும் விழுமானால் குறை மோட்டாரில் இருக்கலாம். கெப்பாசிட்டர் பழுதா, பேரிங் இறுகியிருக்கிறதா, நீண்ட மெல்லிய ஒயரால் வோல்ட்டேஜ் குறைகிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். விழும் பிரேக்கர் ஏதோ ஒன்றைச் சொல்கிறது. அதன் வாயை அடைப்பது அறிவுடைமை ஆகாது.

மனிதனைக் காப்பது எது?

எம்.சி.பி. மனிதனைக் காவாது என்றோம். ஒரு கணக்கைப் பாருங்கள். ஈரமான உடலின் தடை ஏறத்தாழ 1000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் அவ்வுடல் வழியே பாய்வது 230 மில்லி ஆம்பியர். உயிரைப் பறிக்க இதைவிடக் குறைவானதே போதும். ஆனால் 16 ஆம்பியர் என்பது 16,000 மில்லி ஆம்பியர்! ஒரு மனிதன் துடித்துக்கொண்டிருக்க, அந்த எம்.சி.பி. எதுவும் நடவாததுபோல் நிமிர்ந்தே நிற்கும்.

இதற்கென்றே உள்ளது ஆர்.சி.சி.பி. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது எப்பொழுதும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். மனித உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ சிறிது கசிந்தாலும் கண நேரத்தில் துண்டித்துவிடும். கடைகளில் 30, 100, 300 மில்லி ஆம்பியர் என்று பல அளவுகள் கிடைக்கும். உயிரைக் காக்க வேண்டுமாயின் 30 மட்டுமே. 300 தீத்தடுப்புக்கு உரியது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளிலும் வீட்டிணைப்புகளுக்கு இந்த 30 மில்லி ஆம்பியர் வரம்பு இடம்பெற்றுள்ளது.

ஆர்.சி.சி.பி. இருந்தால் எர்த் வேண்டாம் என்று எண்ணுவதும் பிழை. எர்த் இல்லையேல், இயந்திரத்தின் இரும்பு உடலில் இறங்கிய மின்சாரம் யாராவது தொடும்வரை அங்கேயே காத்திருக்கும். தொட்டவரின் உடல் வழியே கசிந்த பிறகே கருவி விழும். எர்த் இருந்தாலோ ஒருவர் தொடுமுன்பே கசிவு மண்ணுக்குச் செல்லும், கருவியும் விழுந்துவிடும்.

இன்னொரு செய்தி. வீட்டில் இன்வெர்ட்டர் பொருத்தியதும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழத் தொடங்கும். பெரும்பாலும் இதற்குக் காரணம், வெவ்வேறு வழிகளின் நியூட்ரல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதுதான். நியூட்ரல்களைப் பிரித்துக் கட்டினால் சரியாகிவிடும். அதற்குச் சோம்பி, "இது தொல்லை" என்று ஆர்.சி.சி.பி.யையே நீக்கி நேரடியாக இணைத்துவிடுபவர்களும் உண்டு. அவ்வாறு செய்ய ஒருபோதும் இடம் கொடாதீர்கள்.

ஓர் எடுத்துக்காட்டு

கணக்கு விளங்குவதற்காக ஒரு சிறு மரப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். 2 குதிரைத்திறன் அறுப்பு இயந்திரம் ஏறத்தாழ 11 அல்லது 12 ஆம்பியர் இழுக்கும். 1 குதிரைத்திறன் கம்ப்ரஸருக்கு 6, கைக்கருவிகளுக்கு 4, விளக்குக்கும் விசிறிக்கும் 1. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 23 ஆம்பியர். (உங்கள் இயந்திரத்தின் தகட்டில் உள்ள எண்ணே உங்களுக்குரிய சரியான கணக்கு.) இதற்குரிய பெட்டி இவ்வாறு அமையலாம்:

1. நுழைவாயிலில் 32 ஆம்பியர் இருமுனை எம்.சி.பி.; வீட்டு மெயினிலிருந்து தனியாக வரும் 6 சதுர மில்லிமீட்டர் கம்பி. அக்கம்பி புறப்படும் இடத்திலும் 32 ஆம்பியர் எம்.சி.பி. வேண்டும்.
2. அதையடுத்து 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.
3. அறுப்பு இயந்திரத்துக்கு 20 ஆம்பியர் 'சி' வகை, 4 சதுர மில்லிமீட்டர் கம்பி.
4. கம்ப்ரஸருக்கும் கைக்கருவிப் பிளக்குகளுக்கும் தனித்தனியே 16 ஆம்பியர் 'சி' வகை, 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி.
5. விளக்குக்கு மட்டும், ஆர்.சி.சி.பி.க்கு முன்பே பிரித்தெடுத்த தனி வழியில், 6 ஆம்பியர் ஆர்.சி.பி.ஓ. இது எம்.சி.பி.யின் வேலையையும் ஆர்.சி.சி.பி.யின் வேலையையும் சேர்த்துச் செய்யும் கருவி.

விளக்குக்கு ஏன் இத்தனை உபசாரம் என்று கேட்கலாம். இயந்திரத்தில் கோளாறு ஏற்பட்டு ஆர்.சி.சி.பி. விழும்போது, ரம்பம் உடனே நின்றுவிடாது. சில நொடிகள் சுழன்றுகொண்டே இருக்கும். அந்நேரம் விளக்கும் அணைந்தால், இருட்டில் கை எங்கே போகுமென்று யாரறிவார்?

இவையனைத்துக்கும் 9 இடங்கள் வேண்டும். 12 வழிப் பெட்டி வாங்கினால் நாளை வரும் இயந்திரத்துக்கும் இடமிருக்கும். வெல்டிங் இயந்திரம் வைப்பதாயின் கணக்கே மாறும். அதன் தகட்டிலுள்ள உள்ளீட்டு ஆம்பியரைப் பார்த்து ஆரம்பத்திலிருந்து கணக்கிட வேண்டும்.

பெட்டியால் ஆகாத ஒன்று

மின்தடை நமக்குப் புதிதன்று. ரம்பம் ஓடும்போது மின்சாரம் நின்றுவிடுகிறது. ஸ்விட்சை அணைக்க மறந்து, பையன் மரத்துண்டை எடுக்கக் கை நீட்டுகிறான். அக்கணம் மின்சாரம் திரும்பி வந்தால்? எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் இதைத் தடுக்கமாட்டா. 'நோ வோல்ட் காயில்' உள்ள ஸ்டார்ட்டர் இதைத் தடுக்கும். மின்சாரம் போனதும் அது தானே விடுபட்டுவிடும். பச்சைப் பொத்தானை மீண்டும் அழுத்தினாலன்றி இயந்திரம் ஓடாது. ஒவ்வொரு பெரிய இயந்திரத்துக்கும் இது கட்டாயம் வேண்டும்.

வாங்கும்போதும் பொருத்தும்போதும்

ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள பொருளை ரசீதுடன் வாங்குங்கள். மரத்தூள் பறக்கும் இடமாதலால் ஐ.பி. 54 தரமுள்ள, தூசியிலிருந்து காக்கும், கதவுள்ள பெட்டியே ஏற்றது. அதை வாசலருகே, எட்டும் உயரத்தில், முன்னால் பலகைகள் அடுக்கப்படாத இடத்தில் மாட்டுங்கள். உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டே வேலை செய்யுங்கள். வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டறியுங்கள். சொந்த உபயோகத்தோடு நில்லாமல் பிறருக்குக் கூலிக்கு வேலை செய்வதாயின், வீட்டுக் கட்டண இணைப்பில் அதைச் செய்யலாகாது. அதற்குரிய இணைப்பைக் கேட்டுப் பெறுங்கள். உழைப்பு ஹலாலானதாக இருக்க, மின்சாரமும் முறைப்படி பெற்றதாக இருக்க வேண்டுமல்லவா?

தாய்மார்களுக்கு ஒரு சொல்

பட்டறை ஆண்களின் இடமென்று ஒதுங்கிவிடாதீர்கள். ஆபத்து நேரத்தில் அருகிலிருப்பவர் பெரும்பாலும் நீங்கள்தாம். மெயின் எது, எப்பக்கம் இறக்க வேண்டும் என்பதை இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றின் கீழும் தமிழில் பெயரெழுதி ஒட்டச் சொல்லுங்கள். யாரேனும் மின்சாரம் தாக்கிப் பிடிபட்டிருந்தால் பதறி ஓடிச் சென்று தொட்டுவிடாதீர்கள். முதலில் மெயினை இறக்குங்கள். பிறகு அருகே செல்லுங்கள்.

ஆர்.சி.சி.பி.யில் 'டெஸ்ட்' என்றெழுதிய சிறு பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை, இயந்திரங்கள் ஓடாத நேரத்தில் அதை அழுத்துங்கள். உடனே கருவி விழ வேண்டும். விழவில்லையானால் அதை மாற்றும்வரை எந்த இயந்திரமும் ஓடலாகாது. மாதத்தின் முதல் ஜும்ஆ நாளை இதற்கென்று வைத்துக்கொண்டால் மறதிக்கு இடமிராது. வேலை அரை நிமிடந்தான்; காப்பதோ நம் பொறுப்பில் விடப்பட்ட உயிர்களை.