கறுப்புப் பூஞ்சை: காவலர்கள் சோர்ந்தது ஏன்?

2021-ம் ஆண்டு. கொரோனாவின் இரண்டாவது அலை இந்தியாவை உலுக்கியது. அதில் உயிர் தப்பியவர்களில் பலருக்கு முகம் வீங்கியது, கண் மங்கியது. "கறுப்புப் பூஞ்சை" என்ற பெயர் நாடெங்கும் பரவியது.

அந்த ஜூலையில் மத்திய அரசு பாராளுமன்றத்தில் கணக்குச் சொன்னது. நோய் கண்டவர்கள் 45 ஆயிரத்துக்கும் அதிகம். மாண்டவர்கள் 4,300-க்கும் அதிகம்.

இந்தப் பூஞ்சை புதிதாக வந்தது அல்ல. மண்ணிலும், மக்கிய இலையிலும் எப்போதும் இருப்பதுதான். அதன் நுண்ணிய வித்துகள் காற்றில் மிதக்கின்றன. எல்லோரும் அவற்றைச் சுவாசிக்கிறார்கள். ஆனால், எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஏன்?

வெள்ளை வீரர்கள்

ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களே காரணம். அவை உடலின் காவலர்கள்.

எதிரியை அவை எப்படி அறிகின்றன? பூஞ்சையைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. மனித அணுவுக்கு அந்தச் சுவர் கிடையாது. பெரும்பாலான பூஞ்சைகளின் சுவரில் "பீட்டா குளுக்கன்" என்ற பொருள் இருக்கிறது. வெள்ளை அணுவின் மேல் உள்ள "டெக்டின்-1" அதைத் தொட்டதும், "அந்நியன் வந்துவிட்டான்" என்று அணுவுக்குத் தெரிந்துவிடும். 2001-ல் இங்கிலாந்தில் ஆய்வு செய்த விஞ்ஞானிகள் கார்டன் பிரவுனும் சைமன் கார்டனும் இதைக் கண்டறிந்தனர்.

உடனே போர்தான்! சிறிய வித்தை வெள்ளை அணு விழுங்கிவிடும். பூஞ்சை நீண்ட இழையாக வளர்ந்துவிட்டால் விழுங்க முடியாது. அப்போது "நியூட்ரோபில்" என்ற வெள்ளை அணு, தனக்குள் இருக்கும் மரபு நூலையே வலையாக வீசும். அப்படி வீசி உயிர்விடும் அணுக்கள் பல!

தோற்றது எப்படி?

2021-ல் நோயாளிகள் பலருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் காவலர்களின் வேகம் குறையும். கொரோனாவுக்கு ஸ்டீராய்டு மருந்தும் கொடுத்தார்கள். மூச்சுத் திணறியவர்களின் உயிரை அது காத்தது உண்மை. ஆனால் அது காவலர்களை அடக்கும், சர்க்கரையையும் ஏற்றும். தேவையில்லாதவர்களும் அதைச் சாப்பிட்டார்கள். காவல் தளர்ந்தது, பூஞ்சை நுழைந்தது.

2022-ல் உலக சுகாதார நிறுவனம் கவனிக்க வேண்டிய 19 பூஞ்சைகளின் பட்டியலை வெளியிட்டது. கறுப்புப் பூஞ்சையும் அதில் உண்டு. பூஞ்சையைக் கொல்லும் மருந்துகள் சிலவே. தடுப்பூசி இன்னும் இல்லை.

ஆகவே, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும், டாக்டர் சொல்லாமல் ஸ்டீராய்டு வாங்கிச் சாப்பிடாமல் இருப்பதுமே நல்லது. காவலர்கள் விழித்திருந்தால் வீட்டுக்குப் பயம் இல்லை!