வெண்டைக்காயின் கடைசி அறுவடை

இனிமேல் உலகத்தில் எங்கேயும் வெண்டைக்காய் விளையாதாம். பக்கத்துத் தோட்டக்காரர் நோய் விழுந்த வெண்டைக் கொல்லையை முழுசாகக் கொளுத்திவிட்டார். கோதுமை முன்னமே போய்விட்டது. மிச்சம் இருப்பது மக்காச்சோளம் ஒன்றுதான்.

பயந்துவிடாதீர்கள், இது சினிமா. கிறிஸ்டோபர் நோலன் 2014-இல் எடுத்த 'இன்டர்ஸ்டெல்லார்'. இன்ஜினியரிங் படிக்கிற என் அக்கா மகன் லீவுக்கு வந்தபோது, "மாமா, இது விவசாயி கதைதான், பாருங்க"ன்னு சொல்லி உட்கார வைத்தான். மூணு மணி நேரப் படம். அவனுக்குக் கருந்துளை பிடித்திருந்தது. எனக்கு அந்த வெண்டைக்காய் மனசுக்குள்ளேயே நின்றுவிட்டது.

படத்துக்காகக் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் சுமார் 500 ஏக்கர் மக்காச்சோளம் நிஜமாகவே விதைத்தார்கள். கருந்துளையைத் திரையில் காட்ட கிப் தார்ன் என்ற இயற்பியலாளர் சமன்பாடு போட்டுக் கொடுத்தார். 2017-இல் நோபல் பரிசு வாங்கியவர் அவர். வானத்துக்கு அவ்வளவு மெனக்கெட்டவர்கள், பயிர் ஏன் செத்தது என்ற கேள்விக்கு மட்டும் ஒரு வரியில் பதில் சொல்லித் தப்பிக்கிறார்கள். காற்றில் இருக்கும் நைட்ரஜனைச் சுவாசித்து வளரும் கருகல் நோயாம். நமக்குச் சிரிப்பு வராதா? காற்றில் 78 சதவீதம் இருக்கிற அந்தத் தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கத்தானே தக்கைப்பூண்டும் சணப்பும் விதைத்து மடக்கி உழுகிறோம்? நம்ம வேர்முடிச்சு நுண்ணுயிரின் வேலையைக் கொண்டுபோய் வில்லனுக்குக் கொடுத்துவிட்டார்கள். எல்லாப் பயிரையும் ஒரே நோய் கொல்வது மிக அரிது என்றுதான் உயிரியலாளர்களும் தார்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதை அவரே தன் நூலில் எழுதியிருக்கிறார்.

ஆனால் ஒரே பயிரை, ஒரே மாதிரி, ஊர் முழுக்கப் போட்டால் என்ன ஆகும்? அதற்குக் கற்பனை வேண்டாம், அமெரிக்காவில் நடந்தே இருக்கிறது.

மக்காச்சோளத்தில் வீரிய ஒட்டு விதை எடுக்க, தாய்ச்செடியின் உச்சியில் வரும் ஆண் பூவை ஆள் வைத்துக் கிள்ள வேண்டும். கூலி மிச்சம் பண்ண ஒரு வழி கிடைத்தது. டெக்சாஸில் கண்டெடுத்த ஒரு ஆண் மலட்டுச் செடியின் தன்மையைத் தாய்ச்செடிகளில் ஏற்றிவிட்டால் கிள்ளுகிற வேலையே இல்லை. 1970 வாக்கில் அமெரிக்க மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 85 சதவீதம் அந்த ஒரே தாய்வழி. அந்த வருஷம் அதற்கென்றே பொருந்தின மாதிரி ஒரு இலைக்கருகல் பூஞ்சை தெற்கிலிருந்து கிளம்பி வடக்கு வரைக்கும் போனது. நாட்டு விளைச்சலில் சுமார் 15 சதவீதம் காலி. அந்தத் தன்மை உள்ள செடி இந்த நோய்க்கு இலக்காகும் என்று பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்கள் 1961-லேயே எழுதி வைத்திருந்தார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் பழைய விதைக்கும், ஆண் பூவைக் கிள்ளுகிற கைக்கும் திரும்பிப் போனார்கள்.

படத்தில் வருகிற புழுதிப் புயலும் அப்படித்தான். ஆரம்பத்தில் சில பெரியவர்கள் புழுதியில் வாழ்ந்த கதையைச் சொல்கிறார்கள். அதில் பலர் நடிகர்கள் இல்லை. 1930-களில் அமெரிக்கச் சமவெளியில் அந்தப் புழுதியைத் தின்று வளர்ந்தவர்கள். கென் பர்ன்ஸ் எடுத்த ஆவணப்படத்திலிருந்து அவர்களை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தப் புழுதி வானத்திலிருந்து விழவில்லை. புல் வேர் பின்னிப் பிடித்திருந்த மண்ணைக் கோதுமைக்காக உழுது தள்ளினார்கள், பிறகு மழை பொய்த்தது. படம் அந்தப் பெரியவர்களின் சாட்சியத்தை வாங்கிக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டது.

என் கோபம் இங்கேதான். பூமி செத்துக்கொண்டிருக்கிறது, காரணம் கேட்காதே, மேலே கிளம்பு என்கிறது படம். நாயகன் விருப்பமில்லாமல் விவசாயம் பண்ணுகிற விமானி. மகன் விவசாயத்துக்குத்தான் லாயக்கு என்று பள்ளிக்கூடத்தில் சொன்னால் அவருக்கு அவமானமாக இருக்கிறது. கடைசியில் மனிதர்கள் சனிக்கோள் பக்கம் குடியேறிவிட்டார்கள். அந்த விவசாயி வீட்டை அங்கே அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள், அருங்காட்சியகமாக! படம் முடிந்ததும் அக்கா மகன் கேட்டான்: "அப்ப இருபது முப்பது வருஷத்துல நம்ம காடும் இப்படித்தானா மாமா?" விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் அவன் வயதுப் பையன்கள் எதிர்காலம் என்று பார்ப்பதெல்லாம் இந்த மாதிரிக் கதைகளில்தான். அதில் விவசாயி ஒன்று தோற்றவன், இல்லாவிட்டால் கண்காட்சிப் பொருள்.

எல்லாக் கதையும் அப்படி இல்லை. ஆண்டி வெயர் எழுதிய 'தி மார்ஷியன்' நாவலில் செவ்வாயில் தனியாக மாட்டிக்கொள்கிற தாவரவியலாளர் உருளைக்கிழங்கு போட்டுப் பிழைக்கிறார். எரு என்ன தெரியுமா? கூட வந்தவர்களின் மலம். ஆராய்ச்சிக்கு எடுத்துப்போன கொஞ்சம் பூமி மண்ணைக் கலந்து, அதிலுள்ள நுண்ணுயிரைப் பெருக்கிச் செவ்வாய் மண்ணை உயிர்ப்பிக்கிறார். ஜீவாமிர்தத்தில் ஒரு கைப்பிடி வரப்பு மண் போடுவோமே, அதேதான். (நிஜச் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற நச்சு உப்பு இருப்பதை 2008-இல் இறங்கிய பீனிக்ஸ் விண்கலம் காட்டியது. அதைக் கழுவாமல் கிழங்கைச் சாப்பிட முடியாது. அது வேற கதை.)

நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது பாவ்லோ பாசிகலுப்பி 2009-இல் எழுதிய 'தி வைண்டப் கேர்ள்'. எதிர்காலத் தாய்லாந்து. எண்ணெய் தீர்ந்துவிட்டது, உலகத்தின் சோறு நாலைந்து விதைக் கம்பெனிகளின் கையில். அவர்கள் விற்கிற விதை முளைக்கும், விளையும், மறுபடி முளைக்காது. அவர்களுக்கு அடங்காமல் தாய்லாந்து நிற்பதற்குக் காரணம் ரகசியமாகக் காக்கும் ஒரு விதை வங்கி. அதைத் தேடி வருகிற கம்பெனி ஒற்றன்தான் கதையின் ஒரு நாயகன். இதிலும் எத்தனை பங்கு கற்பனை? முளைக்காத விதைக்கான 'டெர்மினேட்டர்' காப்புரிமையை அமெரிக்க வேளாண் துறையும் ஒரு பருத்தி விதைக் கம்பெனியும் சேர்ந்து 1998-லேயே வாங்கியாயிற்று. உலகம் முழுக்க உழவர்கள் கத்தியதால்தான் அது வயலுக்கு வரவில்லை. நம் நாட்டின் 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்திலும் அந்தத் தொழில்நுட்பம் உள்ள ரகத்தைப் பதிவு செய்யத் தடை இருக்கிறது.

அந்த நாவலின் முடிவைச் சொல்லிவிடுகிறேன், மன்னிக்கவும். கம்பெனி கையில் சிக்காமல் விதைகளைத் துறவிகள் ஊரைவிட்டுச் சுமந்துகொண்டு போகிறார்கள். படித்தபோது எனக்கு ஆதிரெங்கம் ஞாபகம் வந்தது. நெல் ஜெயராமன் அங்கே நெல் திருவிழாவில் 2 கிலோ விதை கொடுப்பார், அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்ப வேண்டும். பூட்டி வைத்த ஒரு வங்கியைக் கைப்பற்றலாம், கொளுத்தலாம். ஆயிரம் வீட்டுக் குதிருக்குள் இருக்கிறதை என்ன செய்வது? அறிவியல் கதை எழுதுகிறவர்கள் 300 பக்கம் தாண்டி வந்து சேர்ந்த இடத்தில் அவர் 2 கிலோ பையோடு நின்றுகொண்டிருந்தார்.

எந்த விதை எப்போது உதவும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. 1970-களில் ஆசியாவில் புகையான் பரப்பின ஒரு நச்சுயிரி நெல்லைப் புல்லாகக் குட்டையாக்கியது. 6,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தபோது, எதிர்த்து நின்றது உத்தரப் பிரதேசத்தில் எடுத்த ஒரு காட்டு நெல். நம் வரப்பில் முளைத்தால் களை என்று பிடுங்குவோம். அதன் குணம்தான் ஐ.ஆர்.36-இல் ஏறியது.

2025 மே மாதம், மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களை ஒன்றிய வேளாண் அமைச்சர் அறிவித்தார். ஒன்று, பிபிடி 5204 என்று நமக்குப் பழக்கமான சம்பா மசூரியிலிருந்து வந்தது. தண்ணீர் குறைவு, விளைச்சல் அதிகம் என்கிறார்கள். இருக்கட்டும். என் கேள்வி இரண்டுதான். அந்த மரபணுக் கத்தரிக்கோலுக்குக் காப்புரிமை யாரிடம்? அந்த ரகம் எத்தனை லட்சம் ஏக்கரில் ஒரே மாதிரி நிற்கும்? 1970-இல் அமெரிக்காவில் கேட்காமல் விட்ட கேள்வி இது.

நம் இதழில் பூச்சிவிரட்டி, மீன் அமிலம், சந்தை விலை எல்லாம் வருகிறது. கதை வருவதில்லை. 2060-இல் ஒரு பெண் மானாவாரிக் காட்டில் என்ன விதைப்பாள், அவள் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கும், விதையை யாரிடம் வாங்குவாள் என்று நம்மில் யாராவது எழுத வேண்டும். ஆசிரியர் குழு இரண்டு பக்கம் ஒதுக்கினால் முதல் கதையை நானே அனுப்புகிறேன். அக்கா மகனும் எழுதுகிறேன் என்கிறான். ராக்கெட் வரும் என்று இப்போதே சொல்லிவிட்டான். வெண்டைக்காயும் வரணும்னு சொல்லியிருக்கேன்.