பாதிரியாரின் அங்கியும் மாணவியின் முக்காடும்

பிரெஞ்சு அரசியல் சிந்தனை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். பள்ளிக்கூட வரலாற்றுப் பாடம் அதோடு முடிந்துவிடும். ஆனால் இன்று அங்கே அதிகம் சண்டை நடப்பது நான்காவதாக ஒரு சொல்லைப் பற்றி: 'லாயிசிதே'. மதச்சார்பின்மை என்று மொழிபெயர்க்கிறோம். நம் ஊரில் அதற்கு அர்த்தம், அரசு எல்லா மதங்களையும் சமமாக நடத்துவது. அங்கே அரசு எல்லா மதங்களிலிருந்தும் விலகி நிற்பது.

இதற்கு அடிப்படை 1905 டிசம்பர் 9-ம் தேதி வந்த சட்டம். முதல் பிரிவு மனசாட்சிச் சுதந்திரத்துக்கு உத்தரவாதம் தருகிறது. இரண்டாவது பிரிவு, அரசு எந்த மதத்தையும் அங்கீகரிக்காது, சம்பளமோ மானியமோ தராது என்கிறது. கவனித்துப் பாருங்கள், கட்டுப்பாடு முழுக்க அரசுக்குத்தான். குடிமக்களுக்கு அல்ல!

அந்த விவாதத்தின்போதே, பாதிரியார்கள் தெருவில் அங்கி அணிவதைத் தடை செய்ய வேண்டும் என்று ஒரு உறுப்பினர் திருத்தம் கொண்டுவந்தார். சட்டத்தை முன்நின்று நடத்திய அரிஸ்தித் பிரியான் அதை ஏற்கவில்லை. இந்த அங்கியைத் தடுத்தால் பாதிரியார்களும் தையல்காரர்களும் சேர்ந்து வேறொரு உடையை உண்டாக்கிவிடுவார்கள் என்பது அவர் வாதம். திருத்தம் தோற்றது.

1989-ல் பாரிசுக்கு வடக்கே க்ரேய் என்ற ஊரில், முக்காட்டை எடுக்க மறுத்த மூன்று மாணவிகளைப் பள்ளி வெளியே அனுப்பியது. எலிசபெத் பதந்தேர், ரெஜி தெப்ரே உட்பட ஐந்து சிந்தனையாளர்கள், ஆசிரியர்கள் பணிந்துபோகக் கூடாது என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அதே மாதம் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றமோ, மத அடையாளம் அணிவது மட்டுமே லாயிசிதேவுக்கு விரோதமாகாது என்று கருத்துச் சொன்னது. கடைசியில் ஜெயித்தது கடிதத்தின் பக்கம்தான். 2004 மார்ச் 15-ம் தேதிச் சட்டம், அரசுப் பள்ளிகளில் பளிச்சென்று தெரியும் மத அடையாளங்களைத் தடை செய்தது. முக்காடு மட்டுமல்ல, யூதர்களின் தொப்பி, சீக்கிய மாணவர்களின் தலைப்பாகை எல்லாமே போனது.

எதிர்த்தரப்பு வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் கட்டாயப்படுத்தப்படும் சிறுமிக்குப் பள்ளியாவது சுதந்திரமான இடமாக இருக்கட்டும் என்கிறார்கள். நியாயமான கவலை. ஆனால் அவள் முக்காட்டை எடுக்காவிட்டால் என்ன நடக்கும்? பள்ளியிலிருந்து நீக்குவார்கள். எங்கே போவாள்? எந்த வீட்டிலிருந்து காப்பாற்றப் போகிறோம் என்றார்களோ, அதே வீட்டுக்கு! விரும்பி அணிகிறவளுக்கோ, முதல் பிரிவு தந்த உத்தரவாதம் பள்ளி வாசலோடு முடிந்துவிடுகிறது.

2023-ல் அபாயா என்ற நீண்ட தளர்வான அங்கியும் பள்ளிகளில் தடை செய்யப்பட்டது. அது மத உடையா, வெறும் உடையா என்பதை அரசே முடிவு செய்கிறது. மதத்தை விட்டு விலகி நிற்க வேண்டிய அரசு, ஒரு பாவாடையின் நீளத்தில் மதம் இருக்கிறதா என்று தேடுகிறது. பிரியான் சொன்ன தையல்காரர் கதை ஏறக்குறைய அப்படியே நடந்துவிட்டது.

1905-ல் அரசின் கையைக் கட்டிய கயிறு, 2004-ல் மாணவியின் கையைக் கட்டுகிறது. கயிற்றின் பெயர் மாறவில்லை என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடுமா? என்னைப் பொறுத்தவரை, லாயிசிதேவைக் காப்பாற்ற நினைப்பவர்கள் 1905-க்குத்தான் திரும்ப வேண்டும்.