இரண்டு நாள் தீவனம்

பெங்களூரின் பீன்யா என்றால் லேத்துப் பட்டறையும் முலாம் பூசும் தொட்டியும்தான் நினைவுக்கு வரும். தொழிற்பேட்டையை ஒட்டிய ஜாலஹள்ளிப் பக்கம் பீரும் காய்ச்சினார்கள். 'நாக் அவுட்' பீரின் சொந்தக்காரரான மைசூர் புரூவரீஸ் இருந்தது அங்கேதான். 2001-ல் தென்னாப்பிரிக்க நிறுவனம் ஒன்று அதை வாங்கியது. பீர் ஆலை உள்ள ஊரில் குடிப்பவர்களைவிட விசுவாசமான வாடிக்கையாளர் ஒருவர் உண்டு. மாட்டுக்காரர்.

அவருக்கு வேண்டியது சக்கை. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து இனிப்பை வடித்துக்கொண்டால் உமியும் புரதமும் மிஞ்சும். 100 லிட்டர் பீருக்குச் சுமார் 20 கிலோ ஈரச் சக்கை. உலர்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் புரதம். பிண்ணாக்கு விலையில் நொந்துபோனவருக்கு வேறென்ன வேண்டும்? மாடு தள்ளாடும் என்பது வெறும் கிண்டல். வடித்த நீர் புளித்து போதை ஏறுவதற்கு முன்பே சக்கை பிரிக்கப்பட்டுவிடுகிறது.

சிக்கல் ஈரத்தில் இருக்கிறது. 10 டன் சக்கை ஏற்றிய லாரியில் ஏறக்குறைய 8 டன் தண்ணீர். வாடகை அதற்கும் சேர்த்துத்தான். வெயில் காலத்தில் இரண்டு, மூன்று நாளில் புளித்துப் பூஞ்சணம் பூக்கும். சில பூஞ்சணங்கள் சுரக்கும் அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சு, மாட்டின் கல்லீரலில் உருமாறிப் பாலில் இறங்கும், காய்ச்சினாலும் போகாது. 2018-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சோதித்த 6,432 பால் மாதிரிகளில் 368-ல் அது வரம்பைத் தாண்டியிருந்தது. முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 551-ல் 88. பழியைச் சக்கையின் மீது மட்டும் போடுவது நியாயமில்லை. ஈரம்பட்ட மக்காச்சோளமும் கடலைப் பிண்ணாக்கும் இதே வேலையைச் செய்யும்.

உலர்த்தினால் தீர்ந்தது. அரிசியிலிருந்து எரிசாராயம் எடுக்கும் ஆலைகள் மிச்சத்தை உலர்த்தித் தீவனமாக விற்கின்றன, மாதக்கணக்கில் தாங்கும். ஆனால் உலர்த்த எரிபொருள் செலவாகும். கழிவென்று கணக்கெழுதும் பொருளுக்கு அந்தச் செலவைச் செய்ய பீர் ஆலைகளுக்கு மனம் வருவதில்லை. 2010-க்குப் பிறகு பெங்களூரில் தாங்களே பீர் காய்ச்சும் மதுக்கூடங்கள் பெருகின. அந்தச் சக்கையை உலர்த்தி மாவாக்க 'சேவிங் கிரெய்ன்ஸ்' என்ற நிறுவனம் இறங்கியது. ரொட்டிக்கும் பிஸ்கட்டுக்கும் நல்ல மாவு, நார்ச்சத்தும் அதிகம். ஆனால் மலையளவு சக்கையில் இது ஒரு கைப்பிடி.

மீதியெல்லாம் மாட்டுத் தொட்டிக்குத்தான் போகிறது. பீப்பாயில் அமுக்கி, காற்றுப் புகாமல் மூடினால் வாரக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். திறந்த குவியலாகக் கொட்டினால், புளித்த வாடையை மூக்கு கண்டுபிடித்துவிடும். அஃப்ளாடாக்ஸினுக்கு வாடை கிடையாது. இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு ஒரு லாரிச் சக்கை எப்படியும் அதிகம். அக்கம்பக்கத்து நாலைந்து தொழுவங்கள் பங்கு பிரித்து, வந்த மறுநாளே தீர்த்துவிட்டால் பீப்பாய்கூட வேண்டாம்.